ஏ.பி. இயற்பியல் 1: தரநிலையைக் கணிக்கவும் உயர்த்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் நடத்தும் ஏ.பி. (Advanced Placement: பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படிக்கும் திட்டம்) இயற்பியல் 1 தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களோடு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும்போது ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். மாணவர் ஒரு மாதிரித் தேர்வை எழுதுகிறார். இறுதி முடிவைக் கணித்துச் சொல்லும் இணையக் கணிப்பானில், இரு பகுதிகளிலும் பெற்ற இரண்டு எண்களை இடுகிறார். வந்த முடிவைப் பார்த்து மகிழ்கிறார் அல்லது கலங்குகிறார். மறுநாள் பாடநூலின் முதல் அத்தியாயத்திலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்குகிறார். அடுத்து எதைப் படிப்பது என்பதைக் கணிப்பு சொல்லாவிட்டால், அதற்குச் செலவிட்ட மூன்று மணி நேரமும் வீண்தான்.

அளப்பது, திருத்துவது, இழந்தவற்றைப் பிரிப்பது, சரிசெய்வது, மீண்டும் அளப்பது என்ற வரிசையைக் கலைக்காமல் பின்பற்றுங்கள். விடைத்தாளில் கிடைப்பதை ‘மதிப்பெண்’ என்றும், இறுதியாக 1 முதல் 5 வரை வழங்கப்படுவதைத் ‘தரநிலை’ என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

1. நடப்பு அமைப்பை முதலில் உறுதிசெய்யுங்கள்

2025 மே தேர்விலிருந்து அமைப்பு மாறிவிட்டது. முதற்பகுதியில் 40 கொள்குறி வினாக்கள், 80 நிமிடங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள், அவற்றுள் ஒன்றே சரி. இரண்டாம் பகுதியில் 4 விரிவிடை வினாக்கள், 100 நிமிடங்கள். அவற்றின் மதிப்பெண்கள் முறையே 10, 12, 10, 8. இரு பகுதிகளுக்கும் சம எடை. ஒவ்வொரு பகுதியும் 40 மதிப்பெண் என்பதால், இரண்டையும் அப்படியே கூட்டி 80க்கு எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். 2024 வரை 50 கொள்குறி வினாக்களும், மொத்தம் 45 மதிப்பெண்ணுக்கு 5 விரிவிடை வினாக்களும் இருந்தன. அந்தக் காலத்துக் கணிப்பான்களும் அட்டவணைகளும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. நீங்கள் பயன்படுத்தும் கருவி 50 கொள்குறி வினாக்களைக் கேட்டால் அதை மூடிவிடுங்கள்.

பாட அலகுகளின் எடையையும் எழுதி வையுங்கள். விசையும் நேர்கோட்டு இயக்கமும் 18–23 சதவீதம்; வேலை, ஆற்றல், திறன் 18–23 சதவீதம். இயக்கவியல், நேர்கோட்டு உந்தம், திருப்பு விசையும் சுழற்சி இயக்கமும், பாய்மங்கள் ஆகிய நான்கும் தலா 10–15 சதவீதம். சுழலும் அமைப்புகளின் ஆற்றலும் உந்தமும், அலைவுகள் ஆகிய இரண்டும் தலா 5–8 சதவீதம். எங்கே உழைத்தால் பலன் அதிகம் என்று ஆறாம் படியில் முடிவுசெய்ய இந்தப் பட்டியல் தேவைப்படும்.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

முந்தைய ஆண்டுகளின் விரிவிடை வினாக்களையும், அவற்றுக்கான மதிப்பெண் பங்கீட்டுக் குறிப்புகளையும் காலேஜ் போர்டு தன் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. உண்மையான மாணவர்களின் விடைகள் சிலவும், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் கிடைத்தது என்ற விளக்கமும் அங்கேயே கிடைக்கும். பலர் வினாத்தாளை மட்டும் இறக்கிக்கொண்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில், மாணவர் விடைகளையும் விளக்கங்களையும் ஒரு மணி நேரம் படிப்பது பத்துப் புதிய கணக்குகளைப் போடுவதைவிடப் பயனுள்ளது.

இதுவரை பார்க்காத முழுத் தேர்வு ஒன்றாவது வேண்டும். காலேஜ் போர்டின் இணைய வகுப்பறைத் தளமான ஏ.பி. கிளாஸ்ரூமில் உள்ள பயிற்சித் தேர்வுகளை ஆசிரியர்தான் திறந்துவிட வேண்டும் என்பதால், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதிலிருந்து ஒரு வினாவைக்கூட முன்னதாகப் பார்க்காதீர்கள். பார்த்த வினாவில் பெறும் மதிப்பெண் உங்கள் நினைவாற்றலை அளக்குமே தவிர, இயற்பியலை அளக்காது.

2015–2024 ஆண்டுகளின் விரிவிடை வினாக்கள் பயிற்சிக்கு இன்றும் நல்லவை. ஆனால் அவை 7 அல்லது 12 மதிப்பெண் வினாக்கள் என்பதால், பெற்றதைச் சதவீதமாக மாற்றியே ஒப்பிட வேண்டும். பாய்மங்கள் 2024–25 கல்வியாண்டில்தான் இயற்பியல் 1க்கு வந்தது. எனவே அதற்கான பழைய வினாக்களை இயற்பியல் 2 தாள்களில் தேடுங்கள்.

3. முதல் அளவீடு: ஒரே அமர்வில், முழு நேரத்தில்

தேர்வுக்கு எட்டு வாரம் முன்பு, அதாவது மார்ச் தொடக்கத்தில், முதல் அளவீட்டைச் செய்யுங்கள். பாடம் முழுவதும் முடியவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். நடத்தாத அலகிலிருந்து வரும் வினாக்களைத் தனியே குறித்துவைத்தால் போதும். ஏப்ரல் இறுதியில் கிடைக்கும் துல்லியமான கணிப்பால் எதையும் திருத்த நேரம் இருக்காது.

உண்மைத் தேர்வில் கொள்குறி வினாக்களுக்கு ப்ளூபுக் செயலியில் விடையளிக்க வேண்டும். விரிவிடை வினாக்களைத் திரையில் படித்து, விடையைத் தாள் கையேட்டில் கையால் எழுத வேண்டும். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். திரையிலுள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே தாளில் எழுதும்போது கோணத்தையும் திசையையும் மாற்றி எழுதிவிடும் பிழை, அச்சிட்ட தாளில் மட்டும் பழகியவர்களிடம் அதிகம்.

நேரம் முடிந்ததும் பேனாவின் நிறத்தை மாற்றிக்கொண்டு, மீதமுள்ளவற்றை எழுதி முடியுங்கள். நேரத்துக்குள் எழுதியது ஒரு நிறத்திலும் பிறகு எழுதியது வேறு நிறத்திலும் இருந்தால், எத்தனை மதிப்பெண் அறியாமையால் போனது, எத்தனை வேகக் குறைவால் போனது என்று பின்னர் பிரிக்க முடியும்.

4. விரிவிடைகளைத் திருத்துதல்

கணிப்புகள் பெரும்பாலும் பொய்த்துப்போவது இந்தப் படியில்தான். மாணவர் தன் விடையைத் தானே திருத்தும்போது, தாளில் இருப்பதைப் படிக்காமல் மனத்தில் இருந்ததைப் படித்துவிடுகிறார். ‘இது எனக்குத் தெரியும், எழுதத்தான் விட்டுவிட்டேன்’ என்று தனக்குத்தானே மதிப்பெண் தந்துகொள்கிறார். திருத்துநருக்குத் தாள் மட்டுமே தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1 கிலோகிராம் கட்டை ஒன்று உராய்வில்லாத வளைதளத்தில் 0.90 மீட்டர் உயரத்திலிருந்து ஓய்வுநிலையில் விடப்படுகிறது. கீழே சமதளத்தில் நிற்கும் 2 கிலோகிராம் கட்டையோடு மோதி ஒட்டிக்கொள்கிறது. மோதல் நடந்த இடத்துக்குப் பின் தளத்தின் உராய்வுக் குணகம் 0.25. இரண்டும் சேர்ந்து எவ்வளவு தொலைவு சென்று நிற்கும்?

ஆற்றல் மாறா விதிப்படி மோதலுக்குச் சற்று முன் வேகம் நொடிக்கு 4.2 மீட்டர். உந்த மாறா விதிப்படி மோதலுக்குப் பின் நொடிக்கு 1.4 மீட்டர். உராய்வு செய்யும் வேலையை இயக்க ஆற்றலோடு சமப்படுத்தினால் தொலைவு 0.40 மீட்டர். இதற்கு 5 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு நான் இப்படிப் பங்கிடுவேன்: இறங்கும் கட்டத்துக்கு ஆற்றல் மாறா விதியைப் பயன்படுத்தியதற்கு 1, மோதலுக்கு உந்த மாறா விதியைப் பயன்படுத்தியதற்கு 1, மோதலுக்குப் பிந்தைய வேகத்துக்கு 1, உராய்வின் வேலையை எழுதியதற்கு 1, அலகோடு கூடிய இறுதி விடைக்கு 1.

இப்போது மூன்று விடைத்தாள்கள் வருகின்றன. முதல் மாணவர் மோதலைக் கண்டுகொள்ளாமல், தொடக்க நிலையாற்றல் முழுவதையும் உராய்வின் வேலையோடு சமப்படுத்தி 1.2 மீட்டர் என்று எழுதியிருக்கிறார். ஒட்டிக்கொள்ளும் மோதலில் இயக்க ஆற்றல் குறையும் என்பதை அவர் தவறவிட்டதால் 5க்கு 2 மட்டுமே கிடைக்கும். இரண்டாம் மாணவர் எல்லாக் கட்டங்களையும் சரியாக எழுதி, வர்க்கமூலம் எடுப்பதில் பிழை செய்திருக்கிறார். அவருடைய பிந்தைய எண்கள் அந்தத் தவறான எண்ணோடு பொருந்திவந்தால் ஒன்றைத்தான் இழப்பார். மூன்றாம் மாணவர் 0.40 மீட்டர் என்று மட்டும் எழுதியிருக்கிறார். சரியான விடை அவருடையதுதான், ஆனால் மூவரிலும் குறைந்த மதிப்பெண் அவருக்கே. மதிப்பெண் எண்ணுக்கு மட்டும் அல்ல, வழிக்கும் உண்டு என்பது இதனால்தான்.

திருத்தும் முறை இதுதான். பங்கீட்டுக் குறிப்பில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் உரிய வரியை எடுத்துக்கொண்டு, அதை நிறைவுசெய்யும் சொல்லையோ சமன்பாட்டையோ கோட்டையோ உங்கள் விடையில் விரலால் தொட்டுக் காட்டுங்கள். தொட்டுக் காட்ட முடியாவிட்டால் சுழியம்; பாதி மதிப்பெண் என்பதே கிடையாது. ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் திருத்துங்கள். இயன்றால் உடன் படிக்கும் ஒருவரோடு தாளை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு திருத்தங்களும் வேறுபட்டால் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. மொத்தத்தைத் தரநிலையாக மாற்றுதல்

எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தத் தரநிலை என்ற எல்லைக்கோட்டைக் காலேஜ் போர்டு ஆண்டுதோறும் அறிவிப்பதில்லை. அந்தக் கோடு நிலையானதும் அல்ல. 2024இல் இத்தேர்வை எழுதியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே 3 அல்லது அதற்கு மேல் பெற்றனர். 2025இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெற்றனர். ஆகவே பழைய கோட்டை வைத்துப் புதிய தேர்வைத் துல்லியமாகக் கணிப்பதாகச் சொல்லும் எந்தக் கருவியையும் நான் நம்புவதில்லை.

மாணவர்களின் திட்டத்துக்காக மட்டும் நான் வைத்துக்கொள்ளும் கோடுகளைச் சொல்கிறேன். இவை அதிகாரப்பூர்வமானவை அல்ல. 80க்கு 56ஐத் தாண்டினால் 5ஐ எதிர்பார்க்கலாம். 45ஐத் தாண்டினால் 4. 34ஐத் தாண்டினால் 3. எந்தக் கோட்டுக்கும் 4 மதிப்பெண் இப்பக்கமோ அப்பக்கமோ இருப்பவரை ‘எல்லையில் இருப்பவர்’ என்றே குறிக்கிறேன்.

ஏன் 4? கொள்குறி வினாக்களில் சராசரியாக 65 சதவீதம் சரியாக எழுதக்கூடிய ஒருவர் ஒரே தரத்திலான பல தேர்வுகளை எழுதினால், 40 வினாக்களில் அவருடைய மதிப்பெண் 26ஐச் சுற்றி ஏறத்தாழ 3 கூடியும் குறைந்தும் அலையும் என்பது எளிய நிகழ்தகவுக் கணக்கு. விரிவிடைத் திருத்தத்தின் ஐயமும் இதோடு சேரும். ஆகவே 47 பெற்றவர் ‘எனக்கு 4’ என்று எழுதாமல் ‘3க்கும் 4க்கும் இடையில்’ என்று எழுதுவதே நேர்மையான கணிப்பு. ஒரு தேர்வில் 2 மதிப்பெண் ஏறியதை முன்னேற்றம் என்றோ, இறங்கியதைச் சரிவு என்றோ கொள்ள வேண்டாம்.

6. இழந்த மதிப்பெண்களுக்கு ஒரு கணக்கேடு

இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: வினா எண், அலகு, காரணம். காரணத்தை ஐந்துக்குள் அடக்குங்கள். கருத்தே தெரியாதது, வினாவைத் தவறாகப் படித்தது, தெரிந்தும் தாளில் எழுதாதது, கணக்கிடுவதில் வழுக்கியது, நேரம் போதாதது. ‘கவனக்குறைவு’ என்ற தலைப்பு வேண்டாம். அதை அனுமதித்தால் பாதி வரிகள் அங்கே போய்ச் சேரும், செய்வதற்கு எதுவும் கிடைக்காது.

சரியாக வந்த கொள்குறி வினாக்களிலும், ஊகித்து எழுதியவற்றைக் கணக்கேட்டில் சேருங்கள். ஆறு வினாக்களை ஊகித்தால் சராசரியாக ஒன்றரை தானாகவே சரியாகிவிடும். அடுத்த முறை அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

பின்னர் அலகு வாரியாகக் கூட்டி, முதற்படியில் எழுதிய எடைகளுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். அலைவுகளில் நான்கும் விசை அலகில் நான்கும் இழந்திருந்தால் விசையிலிருந்தே தொடங்குங்கள். எடை கூடுதல் என்பது ஒரு காரணம். விசைப் படம் தவறாக வரைபவருக்குச் சாய்தளமும் சுழற்சியும் பாய்மத்தில் மிதத்தலும் சேர்ந்தே தவறும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

7. எதை முதலில் சரிசெய்வது

தெரிந்தும் எழுதாமல் விட்டவற்றை ஒரு வாரத்தில் மீட்கலாம். கருத்துப் பிழைகளுக்கு மூன்று நான்கு வாரங்கள் ஆகும். எனவே இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்: நாள்தோறும் ஒரு விரிவிடையின் எழுத்து முறைக்கு 25 நிமிடம், ஒரு பலவீனமான கருத்துக்கு 40 நிமிடம். ஒரு கருத்தைச் சரிசெய்ய அதே வகைக் கணக்கை இருபது முறை போடுவது உதவாது. அதே சூழலை எண்ணில்லாமல் சொற்களால் விளக்கி, பிறகு படமாக வரைந்து, பிறகு சமன்பாடாக எழுதிப் பாருங்கள்; மூன்றும் ஒன்றையொன்று மறுக்கும் இடம்தான் உங்கள் பிழை இருக்கும் இடம்.

நான் அதிகம் கண்ட கருத்துப் பிழைகள் சில உண்டு. ஓய்வுநிலை உராய்வு எப்போதும் அதன் பெரும மதிப்பிலேயே இருக்கும் என்று எண்ணுவது ஒன்று. வினையும் எதிர்வினையும் ஒரே பொருளின் மேல் செயல்படுவதாக வரைவது இன்னொன்று. குழாய் குறுகும் இடத்தில் பாய்மத்தின் வேகம் கூடுவதால் அழுத்தமும் கூடும் என்று நினைப்பதும், முழுதும் மூழ்கிய பொருளை ஆழத்துக்குக் கொண்டுசென்றால் மிதப்பு விசை கூடும் என்று நினைப்பதும் பாய்மங்களில் வருபவை. கொள்குறி வினாவின் தவறான தெரிவுகள் பெரும்பாலும் இத்தகைய எண்ணங்களிலிருந்தே அமைக்கப்படுகின்றன. அதனால்தான் தவறு செய்பவருக்கும் தன் விடை தெரிவுகளில் அப்படியே கிடைக்கிறது.

8. நான்கு விரிவிடை வகைகளுக்கும் தனித்தனிப் பயிற்சி

வினாக்களின் வகையும் வரிசையும் முன்பே தெரிந்தவை. 100 நிமிடத்தை 40ஆல் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம். அதன்படி 25, 30, 25, 20 நிமிடங்கள் என்று பங்கிட்டுப் பழகுங்கள்.

முதல் வகை கணித முறையில் வருவிப்பது. ‘வருவி’ என்று கேட்டால், ஓர் அடிப்படை விதியிலோ, தரப்படும் வாய்ப்பாட்டுத் தாளிலுள்ள சமன்பாட்டிலோ தொடங்க வேண்டும் என்று வினாவே சொல்லும். நடுவிலிருந்து தொடங்குபவர் முதல் மதிப்பெண்ணை இழக்கிறார். ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ‘மோதலின்போது உந்தம் மாறாது’ என்பதுபோல ஒரு வரி எழுதுவதை வழக்கமாக்குங்கள்.

இரண்டாம் வகை ஒரே நிகழ்வைப் படமாகவும் வரைபடமாகவும் சமன்பாடாகவும் மாற்றி எழுதுவது. தனித்த பொருள் விசைப் படத்தில் ஒவ்வொரு விசையும் புள்ளியில் தொடங்கி வெளிநோக்கிச் செல்லும் தனி அம்புக்குறியாக இருக்க வேண்டும். சாய்தளக் கணக்கில் எடையையும் அதன் இரு கூறுகளையும் சேர்த்து வரைபவர்கள், இல்லாத விசைகளைக் கூட்டியவர்கள் ஆகிறார்கள். கூறுகளை வேறிடத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் வகை சோதனை வடிவமைப்பு. பள்ளி ஆய்வகத்தில் எழுதித்தந்த செய்முறையை மட்டும் பின்பற்றிய மாணவர்கள் இங்கே அதிகம் இழக்கிறார்கள். எதை எந்தக் கருவியால் அளப்பீர்கள், எதை மாற்றுவீர்கள், எதை மாறாமல் வைப்பீர்கள், எத்தனை முறை அளப்பீர்கள் ஆகியவை வேறொருவர் படித்து அப்படியே செய்யும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். தனி ஊசலின் நீளத்தை மாற்றிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்பதாக வைத்துக்கொள்வோம். அலைவு நேரத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் வளைகோடு வரும். அதன் குறுக்கே நேர்கோடு இழுப்பது பிழை. அலைவு நேரத்தின் இருமடியை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு, π (பை) என்ற மாறிலியின் இருமடியை நான்கால் பெருக்கிப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்ததற்குச் சமம். சாய்வு மீட்டருக்கு 4.0 நொடி-இருமடி என வந்தால் முடுக்கம் ஏறத்தாழ 9.9.

வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயரும் அலகும் இடுங்கள். கட்டத்தாளின் பெரும்பகுதியைப் புள்ளிகள் நிரப்பும்படி அளவுத்திட்டம் தேர்ந்தெடுங்கள். புள்ளிகளைக் கோடுகளால் இணைக்காமல், அவற்றுக்கு மிகவும் பொருந்தும் ஒரே நேர்கோட்டை வரையுங்கள். சாய்வைக் கணக்கிட அந்தக் கோட்டின் மேலுள்ள இரு புள்ளிகளையே எடுங்கள். அளவிட்ட புள்ளிகளை எடுத்தால், கோடு வரைந்ததன் நோக்கமே கெடுகிறது.

நான்காம் வகை சொல் விளக்கத்தையும் சமன்பாட்டையும் பொருத்துவது. முன்சொன்ன கணக்கில், நிற்கும் கட்டை 2 கிலோகிராமுக்குப் பதில் 5 கிலோகிராம் என்றால் தொலைவு கூடுமா, குறையுமா? ‘அதே உந்தம் கூடுதல் நிறையோடு பகிரப்படுவதால் மோதலுக்குப் பின் வேகம் குறைகிறது, உராய்வால் வரும் எதிர்முடுக்கம் நிறையைப் பொறுத்ததல்ல, எனவே தொலைவு குறையும்’ என்று சமன்பாடில்லாமல் எழுத வேண்டும். கணக்கிட்டால் வேகம் நொடிக்கு 0.70 மீட்டர், தொலைவு 0.10 மீட்டர், விளக்கத்தோடு பொருந்துகிறது. இரண்டும் பொருந்துகின்றனவா என்று கேட்கும் இறுதிப் பகுதியில் ‘பொருந்துகிறது’ என்று மட்டும் எழுதாமல், சமன்பாட்டில் எந்த அளவு எங்கே இருப்பதால் பொருந்துகிறது என்று சுட்டுங்கள்.

9. கொள்குறிப் பகுதி

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கம் 2011லேயே கைவிடப்பட்டுவிட்டது. எதையும் வெறுமையாக விடாதீர்கள். ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் வழி தெரியவில்லையென்றால் ஒரு தெரிவைக் குறித்து, ப்ளூபுக்கில் மீள்பார்வைக்கான அடையாளமிட்டு நகருங்கள். தெரிவுகளைப் படிப்பதற்கு முன் விடை கூடுமா குறையுமா என்று மனத்தில் முடிவுசெய்துகொள்வது, நன்றாக அமைக்கப்பட்ட தவறான தெரிவிலிருந்து காக்கும்.

10. மறு அளவீடும் கடைசி வாரமும்

இரண்டாம் முழுத் தேர்வை ஏப்ரல் நடுவில் எழுதுங்கள். மொத்த மதிப்பெண்ணுக்கு முன்பாகக் கணக்கேட்டை ஒப்பிடுங்கள்: எழுதாமல் விட்டவை குறைந்துள்ளனவா, அதே கருத்துப் பிழை வேறு வேடத்தில் வந்துள்ளதா என்று பாருங்கள். மொத்தம் ஏறாமல் காரணங்கள் மாறியிருந்தால் உழைப்பு சரியான திசையில் போகிறது. மொத்தம் ஏறியும் காரணங்கள் அப்படியே இருந்தால் வினாத்தாள் எளிதாக இருந்திருக்கலாம்.

கடைசி வாரத்தில் புதிய முழுத் தேர்வு வேண்டாம். திருத்திப் பயன்கொள்ள நாள் போதாது. ஒவ்வொரு விரிவிடை வகையிலும் ஒன்றை நேரம் வைத்து எழுதித் திருத்துங்கள். வாய்ப்பாட்டுத் தாளில் எது எங்கே உள்ளது என்றும், அதிலுள்ள ஒவ்வொரு சமன்பாடும் எந்த நிபந்தனையில் பொருந்தும் என்றும் பாருங்கள். முடுக்கம் மாறும் இயக்கத்துக்குச் சீரான முடுக்கச் சமன்பாட்டைப் பயன்படுத்தும் பிழை கடைசி நாள்வரை தொடர்வதைக் கண்டிருக்கிறேன்.

தேர்வன்று விரிவிடைப் பகுதியில் நான்கு வினாக்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, உங்களுக்கு வலுவான வகையில் தொடங்குங்கள். ஒவ்வொரு விடையையும் அந்த வினாவுக்குரிய பக்கத்திலேயே, உட்பிரிவின் அடையாளத்தோடு எழுதுங்கள். முந்தைய உட்பிரிவுக்கு விடை தெரியாவிட்டால், அந்த அளவுக்கு ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டு அடுத்த உட்பிரிவைத் தொடருங்கள். அதற்குரிய மதிப்பெண்கள் பெரும்பாலும் தனியாகவே வழங்கப்படுகின்றன.